அடுப்பைப் பார்த்தியா?

நம் வயசுக்காரர்கள் எல்லோர் கையிலும் இப்போது ஒரே டாக்டர் சீட்டுத்தான். சர்க்கரை ஏறியிருக்கிறது, சோற்றைக் குறையுங்கள், மத்தியானத்தில் பச்சைக் காய்கறி சாப்பிடுங்கள். காலை நடையில் பார்க்கும்போது நீங்களெல்லாம் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஆட்டுக்குப் போடற மாதிரி தழையும் காயும் துன்னச் சொல்றாங்களே" என்று புலம்புகிறீர்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. அரிசியை ஒரு நாள் விட்டால் உயிர் போய்விடும் என்று நினைக்கிற கூட்டம் நாம்.

என் கதையைக் கேளுங்கள். மகனும் மருமகளும் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டால் அரியாங்குப்பத்து வீட்டில் மத்தியானம் நான் ஒருத்திதான். காலையிலேயே ஒரு கைப்பிடி பயத்தம்பருப்பை ஊறப்போட்டுவிடுவேன். பன்னிரண்டரை மணிக்கு ஒரு வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி, கிளிமூக்கு மாங்காயில் கால் துண்டைச் சீவி, தேங்காயைத் துருவி, ஊறின பருப்பை வடித்துப் போட்டு, உப்பைத் தூவிக் கலந்தால் சாப்பாடு முடிந்தது. கால் மணி நேரம்கூட ஆகாது. என் மருமகள் இதே சமாச்சாரத்தைப் போனில் யாரோ செய்து காட்டுவதைப் பார்த்துவிட்டு, இதற்கு சாலட் என்று பேர், அடுப்பே வேண்டாம், உடம்புக்கு நல்லது என்று எனக்கே பாடம் எடுத்தாள். எடுக்கட்டும், பாவம். நான் இதைப் பத்து வயதில் கண்டுபிடித்தவள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கண்டுபிடித்தேன் என்று சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் கண்டுபிடித்தேன்.

அப்போது நாங்கள் பாகூர் ஏரிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பா கரும்பு வெட்டவும் போவார், வெல்லம் காய்ச்சுகிற ஆலை வேலைக்கும் போவார். வீட்டில் அம்மா, நான், நாலு வயசுத் தம்பி. அம்மாவுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாசம். அடுத்த வீடு அத்தை வீடு, அப்பாவின் அக்கா. சாமி காரியம், சாவுக் காரியம் எதுவானாலும் எது கூடும், எது கூடாது என்று அத்தை சொல்வதுதான் தெருவுக்கே சட்டம். அவள் குரல் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள்.

அந்த வெயில் காலத்தில் என் கூடப் படித்த பெண் ஒருத்திக்கு அம்மை வார்த்திருந்தது. அவள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் வீட்டில் நுங்கு வெட்டியிருந்தார்கள். பின்பக்கமாகப் போய் அவள் பாயிலேயே உட்கார்ந்து, விரலை விட்டு நோண்டி நாலு நுங்கு தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

பத்துப் பதினைந்து நாளில் எனக்கு வார்த்தது. எனக்கு லேசுதான். எண்ணி முப்பது கொப்புளம் இருக்கும். அம்மை இறங்க மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நான் எழுந்து விளையாட ஆரம்பித்த பிறகு தம்பிக்கு வந்தது. அவனுக்கு உள்ளங்கை, கண் இமை, தொண்டைக்குள் என்று இடமே பாக்கியில்லை. அழக்கூட முடியாமல் முனகிக்கொண்டு கிடந்தான். அம்மா அவனை வாழையிலையில் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"போவாதன்னு சொன்னேன்ல?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

கோபம் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை, பயத்தில் வாயடைத்துப் போயிருந்தாள் என்பதெல்லாம் நானே இரண்டு பெற்று வளர்த்த பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தம்பி செத்துப் போனால் அது என்னால், நாலு நுங்கினால்.

அன்று சாயங்காலமே அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து வேண்டிக்கொண்டாள். தம்பிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அடுப்பில் ஏறியது எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தம்பி பொண்டாட்டி மாதிரி யாரு நேர்ந்துக்குவா? ஆத்தா எறங்காம போயிடுவாளா?" என்று வேலிக்கு வேலி நின்று சொன்னாள்.

அம்மை வார்த்த வீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாளிக்கக்கூடாது, எண்ணெய் வைக்கக்கூடாது. எங்களுக்காகப் பக்கத்து வீடுகளிலும் தாளிப்பதை விட்டிருந்தார்கள். தெருவே வாசனையற்றுப் போயிருந்தது. வீட்டுக்குள் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் மட்டும் மணக்கும். எனக்கும் அப்பாவுக்கும் அம்மா வெறும் சோறு வடிப்பாள், மோர் ஊற்றுவாள். அவள் இளநீர் குடிப்பாள், அதுவும் கிடைத்தால்.

அத்தை பச்சரிசி மாவில் வெல்லம் போட்டுப் பிசைந்துகொண்டு வந்தாள். ஆத்தாவுக்குப் படைக்கிற மாவுதானே, அடுப்பில் ஏறாதது, தின்னு என்றாள். அம்மா தலையாட்டினாள்.

"வெல்லம் காய்ச்சறதாச்சே அண்ணி. அவரு வேலை செய்யற ஆலையில நானே கொப்பரையைப் பார்த்திருக்கேன்."

"அட ஆமா" என்று அத்தை மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக் கடிக்க வேண்டும் போல இருந்தது. கொடுத்ததைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே!

ஐந்தாம் நாள் காலையில் அம்மா கிணற்றடியில் குடத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குடம் உருண்டு போய்க் கல்லில் மோதியது. அப்பா ஓடிப்போய்த் தூக்கினார். உதடு வெளுத்துப் போயிருந்தது. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"அக்கா, நீயாச்சும் சொல்லேன். ரெட்டை உயிரு அக்கா" என்று அப்பா அத்தையிடம் கெஞ்சினார்.

"நான் இன்னாடா சொல்றது? நேர்ந்துக்கினதை நடுவுல வுட்டா புள்ளைக்கு ஆவுமா? நீ பொறுப்பு ஏத்துக்குவியா?"

அப்பா உருண்ட குடத்தை எடுக்கப் போய்விட்டார். அம்மாவும் விட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை. எழுந்து புடவையைப் பிழிந்துகொண்டு உள்ளே போய்த் தம்பிக்கு வேப்பிலையால் விசிறத் தொடங்கிவிட்டாள். டாக்டரைப் பற்றி யாரும் பேசவே இல்லை. அந்தக் கூத்தையெல்லாம் நான் இங்கே நியாயப்படுத்த வரவில்லை. உங்கள் வீட்டில் குழந்தைக்கு வந்தால் வேப்பிலையும் கட்டுங்கள், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அன்று மத்தியானம் நான் சமையல்கட்டில் போய் உட்கார்ந்தேன். தம்பியும் போய், அம்மாவும் போய், வயிற்றுப் பிள்ளையும் போய், நானும் அப்பாவும் மட்டும் மிஞ்சியிருப்பது போல நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். ஒவ்வொன்றிடமும் வாய்விட்டுக் கேட்டேன்.

"நீ அடுப்பைப் பார்த்தியா?"

புழுங்கல் அரிசி பார்த்திருந்தது. பேரே அப்படி. அவல் பார்த்திருந்தது, அவல் இடிக்கிற வீட்டில் நெல்லை வறுக்கும் புகை எங்கள் பள்ளிக்கூடம் வரைக்கும் வரும். பொட்டுக்கடலையைக் கேட்கவே வேண்டாம். வெல்லம் ஏற்கெனவே மாட்டிக்கொண்டது. தேங்காய் பார்க்கவில்லை. கொல்லையில் தொங்கிய மாங்காய் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் வெள்ளரி போட்டிருந்த அம்மாள், வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல், வேலி மேல் நாலு காயை வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவையும் பார்க்கவில்லை.

கடைசியில் பயத்தம்பருப்பு டப்பா. மூடியைத் திறந்தால் லேசாக மணக்கும். அதைக் கேட்கவே தேவையில்லை என்று நினைத்தேன். எங்கள் கொல்லைப் பயறு அது. வாசலில் பாய் விரித்துக் காயப்போட்டபோது குச்சியை வைத்துக்கொண்டு கோழி விரட்டியவளே நான்தான். வெயிலில் காய்ந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேனே.

மறுநாள் விடிந்ததும் இரண்டு கைப்பிடி பருப்பை ஊறவைத்தேன். அருவாமணையில் உட்கார்ந்து வெள்ளரிக்காயை நறுக்கினேன். ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சின்னது, நடுவில் என் கட்டைவிரலிலும் ஒரு வெட்டு. மஞ்சளை அப்பிக்கொண்டு மாங்காயைச் சீவினேன். தேங்காய் துருவத் தெரியாமல் பல்லு பல்லாகக் கீறிப் போட்டேன். உப்பைக் கையில் எடுத்தபோது ஒரு சந்தேகம் வந்தது. அப்பா வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, உப்பை அடுப்புல காய்ச்சுவாங்களா?"

"உப்பையா? மரக்காணத்துல பாத்தி கட்டி வெயில்ல வுடுவாங்க. தானா பூத்துக்கும். ஏன் பாப்பா?"

நான் உள்ளே ஓடிவிட்டேன்.

பீங்கான் தட்டு என்று ஒன்று இருந்தது எங்கள் வீட்டில். வெள்ளைத் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு, ஒரு பக்கம் பீங்கான் பெயர்ந்து கறுப்பாகத் தகரம் தெரியும். அதில் எல்லாவற்றையும் கலந்து போட்டு எடுத்துக்கொண்டு அம்மா எதிரில் போய் நின்றேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவள் விசிறுவதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தாள்.

"இன்னாடி இது?"

ஆறு நாளில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு.

"எதுவும் அடுப்பைப் பார்க்கலம்மா. ஒவ்வொண்ணா கேட்டுட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். "துன்னும்மா. நீ செத்துடாத."

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தையின் குரல் உள்ளே வந்துவிட்டது, பின்னாலேயே அத்தையும். குளித்த ஈரப் புடவை, கையில் புது வேப்பிலை. தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னா துன்னக் குடுக்குற உங்க ஆத்தாளுக்கு? கொண்டா பார்ப்போம்."

போலீஸ்காரர் மூட்டையைப் பிரிப்பது போல விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். வெள்ளரிக்காய், சரி. மாங்காய், சரி. தேங்காய், சரி. காரம் போட்டியா? போடவில்லை அத்தை. ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு போட்டிருக்கியே! உப்பு எப்படிக் கூடும்?"

"மரக்காணத்துல வெயில்ல பூக்கறது அத்தை. அடுப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்பாவைக் கேளு!"

வாசலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஆமாக்கா. நான் பார்த்திருக்கேன்." தம்பிக்கு அம்மை இருந்த பதினொரு நாளில் எங்கள் அப்பா தைரியமாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அத்தை பருப்பில் இரண்டு மணியை எடுத்தாள். விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். மூக்கின் பக்கம் கொண்டுபோனாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அவளைப் பார்த்தாள்.

"வெயில்ல காஞ்ச பயறு, அண்ணி" என்றாள் அம்மா, மெல்ல.

அத்தை அந்த இரண்டு மணிப் பருப்பையும் தட்டிலேயே போட்டுவிட்டு, வேப்பிலையை உதறினாள்.

"ஆமா, வெயில்தான். யாரு இல்லன்னா? புள்ள கையில தட்டை வெச்சிக்கினு எவ்ளோ நேரம் நிக்கும்? வாங்கித் துன்னு."

அம்மா தட்டை வாங்கினாள். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளரிக்காய் நறுக் நறுக்கென்று கடிபடும் சத்தம் கேட்டது. இன்றைக்கும் எனக்கு அதைவிடப் பிடித்த சத்தம் கிடையாது. மூன்றாவது பிடியை என் வாயில் ஊட்டினாள். "நீயும் துன்னு" என்றாள். என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்து, "அருவாமணையை உன்னை யாரு தொடச் சொன்னது?" என்று திட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டு ஓவென்று அழுதேன். தம்பி எழுந்துவிட்டான்.

அதற்குப் பிறகு தினம் மத்தியானம் என் சமையல்தான். வெள்ளரிக்கார அம்மாளுக்கு விஷயம் தெரிந்து வேலி மேல் காய் கூடியது. அத்தை தேங்காயைத் துருவியே கொடுத்தாள். அப்பா ஆலையிலிருந்து வரும்போது யாரிடமோ கேட்டு இரண்டு கேரட் கொண்டுவந்தார். அதுவும் அடுப்பைப் பார்த்ததில்லை என்று எனக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டுத்தான் கொடுத்தார். பதினோராம் நாள் தம்பிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். கொப்புளமெல்லாம் கறுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அம்மா சோறும் பருப்புக் குழம்பும் சாப்பிட்டாள். இரண்டு வாய் தின்றுவிட்டு, "உன் வெள்ளரிக்காதான் நல்லாயிருந்திச்சி" என்றாள்.

அந்த நீலக் கோட்டுத் தட்டு எங்கே என்று கேட்பீர்கள். அந்த வருஷம் மழைக்கு முன்னால் பிறந்த என் தங்கை அதைப் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ தொலைத்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் பெரிதில்லை. அந்தத் தட்டுதான் வயிற்றிலிருந்த அவளைக் காப்பாற்றியது என்று நான் சொன்னால், "இதையே எத்தனை தடவைதான் சொல்லுவ?" என்று போனை வைத்துவிடுகிறாள்.

முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஆடி மாசத்து விஷயத்தைச் சொல்லாவிட்டால் உங்களிடம் பாதியை மறைத்தவளாகிவிடுவேன்.

ஆடியில் டப்பாவில் பருப்பு தீர்ந்துபோனது. பயறு மூட்டையைப் பிரித்தார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து திருகைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எட்டு மாசம், குனிய முடியாமல் குனிந்து அடுப்பை மூட்டினாள். இரும்புச் சட்டியைப் போட்டாள். முறத்திலிருந்த பயறை அதில் கொட்டிக் கிளற ஆரம்பித்தாள். வாசனை கிளம்பியது. எனக்குத் தெரிந்த வாசனை. டப்பாவைத் திறந்தால் வருமே, அதே வாசனை.

"அம்மா, இன்னா பண்ற?"

"பார்த்தா தெரியல? பயறு வறுக்குறேன்."

"எதுக்கு?"

"வறுக்காம உடைச்சா தோலு எப்படிடி போவும்?"

"எப்பவுமேவா? போன தடவையும் வறுத்தியா?"

அம்மாவின் கரண்டி நின்றது. திருகையைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தையின் கையும் நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அன்றைக்குப் பார்த்த மாதிரியே.

"அத்தை, உனக்கும் தெரியுமா?"

"தெரியாம? உங்க ஆத்தா வறுக்க, நான்தான் இந்தக் கல்லைச் சுத்துனேன். வந்துட்டா பெரிசா விசாரிக்க. வாயை மூடிக்கினு பயறைக் கொட்டுடி" என்றாள் அத்தை. அவள் முகம் என் பக்கம் திரும்பவில்லை.

கொப்பரையைப் பார்த்துவிட்டேன் என்று வெல்லத்தைத் தொடாத அம்மா. நேர்ந்துகொண்டதை நடுவில் விட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று சொந்தத் தம்பியின் வாயையே அடைத்த அத்தை.

"தெரிஞ்சும் ஏம்மா துன்ன? தம்பிக்கு எதனா ஆயிருந்தா?"

அம்மா சட்டியை இறக்கிவைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு புள்ளைக்காகத்தான் பட்டினி கெடந்தேன். இன்னொரு புள்ள கைய வெட்டிக்கினு, தட்டோட எதிர்ல நின்னு அழுவுது. நான் இன்னாடி பண்றது?"

நான் முறத்தை எடுத்து, சூட்டோடு இருந்த பயறைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் குழியில் கொட்டினேன். அத்தை சுற்ற ஆரம்பித்தாள்.

இப்போதும் பருப்பை ஊறப்போடுவதற்கு முன்னால் வெறும் சட்டியில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டிக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் பார்த்துவிட்டாள். அடுப்பே இல்லாமல் செய்வதுதானே இது, எதற்கு அடுப்பைப் பற்றவைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"வாயை மூடிக்கினு வெள்ளரிக்காயை நறுக்குடி" என்றேன்.